மூலக்கூறின் முனைவு: பிணைப்பும் வடிவமும்

கார்பன் டைஆக்சைடு மூலக்கூறில் மூன்று அணுக்கள் உள்ளன. நீர் மூலக்கூறிலும் மூன்றுதான். முன்னதில் ஒரு கார்பனின் இருபுறமும் ஆக்சிஜன். பின்னதில் ஓர் ஆக்சிஜனோடு இரண்டு ஹைட்ரஜன். இரண்டிலுமே ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆகவே இரண்டிலும் உள்ள பிணைப்புகள் யாவும் முனைவு கொண்டவை. ஆயினும் மூலக்கூறை முழுதாக எடுத்துக்கொண்டால், நீர் வலுவான முனைவுடையது. கார்பன் டைஆக்சைடு முனைவற்றது. நீர் 100 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கிறது. உறைந்த கார்பன் டைஆக்சைடோ −78 டிகிரியிலேயே திட நிலையிலிருந்து நேரே வாயுவாகிவிடுகிறது.

இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு வடிவத்துக்கு உரியது. கார்பன் டைஆக்சைடின் மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. நீர் மூலக்கூறு வளைந்திருக்கிறது. ஒரு மூலக்கூறு முனைவுடையதா இல்லையா என்பதை இரண்டு செய்திகள் சேர்ந்தே முடிவு செய்கின்றன: அதன் பிணைப்புகள் எத்தகையவை, அவை எந்தெந்தத் திசையில் நீள்கின்றன.

பிணைப்பில் பிறக்கும் முனைவு

சகப்பிணைப்பில் இரு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கு எப்போதும் சரிபாதியாக அமைவதில்லை. பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்க்கும் திறன் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறுபடும். இத்திறனுக்கு எலக்ட்ரான் கவர்தன்மை என்று பெயர். அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932இல் இதை எண்களால் குறிக்கும் ஓர் அளவுகோலை வகுத்தார். அதன்படி ஃபுளூரினின் மதிப்பு 3.98, இதுவே மிக உயர்ந்தது. ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. சோடியம் 0.93தான், சீசியம் 0.79.

பிணைந்துள்ள இரு அணுக்களின் மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு பிணைப்பின் தன்மையைக் காட்டுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறிலோ நைட்ரஜன் மூலக்கூறிலோ இரு அணுக்களும் ஒன்றே, வேறுபாடு சுழி. எலக்ட்ரான் இரட்டை நடுவில் நிற்கிறது. பிணைப்பில் முனைவு இல்லை. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பில் வேறுபாடு 0.35 மட்டுமே. இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பொதுவாக முனைவற்றதாகவே கொள்வர். ஹைட்ரஜன்–குளோரின் பிணைப்பில் வேறுபாடு 0.96. அங்கே எலக்ட்ரான் மேகம் குளோரின் பக்கம் சாய்ந்து, குளோரின் முனையில் சிறிதளவு எதிர் மின்சுமையும் ஹைட்ரஜன் முனையில் அதே அளவு நேர் மின்சுமையும் தோன்றுகின்றன. இது முனைவுள்ள சகப்பிணைப்பு. சோடியம் குளோரைடில் வேறுபாடு 2.23. அங்கே எலக்ட்ரான் ஏறத்தாழ முழுமையாகக் கைமாறி அயனிகள் உருவாகின்றன.

வேறுபாடு 0.4க்குக் கீழ் இருந்தால் முனைவற்றது, 1.7க்கு மேல் இருந்தால் அயனிப் பிணைப்பு என்று பாடநூல்கள் எல்லை வகுக்கின்றன. இவை வசதிக்காகப் போட்ட கோடுகளே. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வேறுபாடு 1.78, ஆனாலும் அது சகப்பிணைப்பு மூலக்கூறுதான். சமப்பங்கீட்டுக்கும் முழுக் கைமாற்றத்துக்கும் இடையில் தெளிவான வேலி ஏதும் இல்லை. ஒன்று மற்றொன்றாகப் படிப்படியாக மாறுகிறது.

முனைவை அளத்தல்

முனைவின் அளவை இருமுனை திருப்புத்திறன் என்பர். பிரிந்து நிற்கும் மின்சுமையின் அளவை, அவற்றுக்கு இடையிலான தொலைவால் பெருக்கினால் இது கிடைக்கும். இதன் அலகு டிபை. நெதர்லாந்தில் பிறந்த பீட்டர் டிபையின் பெயரால் இது அமைந்தது. மூலக்கூறுகளுக்கு நிலையான இருமுனை இருக்க முடியும் என்பதையும் அதை அளக்கும் வழியையும் அவர் 1912இல் விளக்கினார். 1936இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

அளக்கும் முறை இதுதான். ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளுக்கு இடையே ஆய்வுக்குரிய வாயு நிரப்பப்படுகிறது. மின்புலத்தில் முனைவுள்ள மூலக்கூறுகள் ஓரளவு ஒரே திசையில் திரும்ப முயல்கின்றன. அதனால் மின்தேக்கியின் கொள்திறன் கூடுகிறது. வெப்பநிலையை உயர்த்தினால் மூலக்கூறுகளின் அலைச்சல் அதிகமாகி இந்த ஒழுங்கு குலைகிறது; கொள்திறன் குறைகிறது. முனைவற்ற மூலக்கூறுகளிலும் மின்புலம் எலக்ட்ரான் மேகத்தைச் சற்று இழுக்கத்தான் செய்யும்; ஆனால் அந்த விளைவு வெப்பநிலையைச் சார்ந்ததல்ல. வெப்பநிலையோடு மாறும் பகுதியைப் பிரித்தெடுத்தால் இருமுனை திருப்புத்திறன் தெரிந்துவிடும்.

பிணைப்பில் எலக்ட்ரான் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதையும் இந்த எண்ணிலிருந்து கணிக்கலாம். ஓர் எலக்ட்ரானின் முழு மின்சுமை 1 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் பிரிந்து நின்றால் திருப்புத்திறன் 4.8 டிபை. ஹைட்ரஜன் குளோரைடில் அணுக்களுக்கு இடையிலான தொலைவு 1.27 ஆங்ஸ்ட்ராம். எலக்ட்ரான் முழுதாகக் குளோரினுக்குப் போயிருந்தால் 6.1 டிபை கிடைக்க வேண்டும். அளவீடு காட்டுவது ஏறத்தாழ 1.1 டிபை. ஆகவே பிணைப்பின் அயனித்தன்மை ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதே கணக்கில் ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு 40 விழுக்காட்டுக்கு மேலும், ஹைட்ரஜன் அயோடைடுக்கு 6 விழுக்காடு அளவிலும் வருகிறது.

இரண்டே அணுக்கள் கொண்ட மூலக்கூறில் பிணைப்பின் முனைவே மூலக்கூறின் முனைவு. மூன்றாவது அணு சேரும்போதுதான் வடிவம் குறுக்கிடுகிறது.

வடிவம் அமையும் விதம்

மூலக்கூறின் வடிவத்தை முன்கூட்டியே சொல்வதற்கு எளிய வழி, மைய அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகளை எண்ணுவது. எதிர் மின்சுமை கொண்ட இந்த இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, இயன்றவரை தள்ளி நிற்கப் பார்க்கின்றன. சிட்ஜ்விக், பவல் ஆகியோர் 1940இல் முன்வைத்த இக்கருத்தை கில்லெஸ்பி, நைஹோம் இருவரும் 1957இல் விரிவாக வளர்த்தனர். இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்குக் கொள்கை என்பது இதன் பெயர்.

எலக்ட்ரான் திரள் இரண்டு இருந்தால் அவை எதிரெதிரே 180 டிகிரியில் நிற்கும். மூன்று இருந்தால் ஒரே தளத்தில் 120 டிகிரி இடைவெளியில் முக்கோணமாகும். நான்கு இருந்தால் நான்முகியின் மூலைகளை நோக்கி 109.5 டிகிரியில் விரியும். ஐந்து, ஆறு இரட்டைகளுக்கும் இதுபோன்ற ஒழுங்கான அமைப்புகள் உண்டு. இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் ஒரே திசையில் நிற்பதால் ஒவ்வொன்றும் ஒரு திரளாகவே எண்ணப்படும்.

பிணைப்பில் ஈடுபடாத தனித்த எலக்ட்ரான் இரட்டைகளும் இடம் பிடிக்கின்றன என்பது இங்கே முக்கியம். அவை மைய அணுவின் கட்டுப்பாட்டில் மட்டுமே இருப்பதால் அகலமாகப் பரவி, பிணைப்பு இரட்டைகளை நெருக்குகின்றன. மீத்தேனில் தனித்த இரட்டை இல்லை, கோணம் 109.5 டிகிரி. அம்மோனியாவில் ஒன்று உண்டு. கோணம் ஏறக்குறைய 107 டிகிரி. நீரில் இரண்டு உண்டு, கோணம் 104.5 டிகிரி. மூன்றிலும் எலக்ட்ரான் இரட்டைகள் நான்குதான். அணுக்களை மட்டும் பார்த்தால் மீத்தேன் நான்முகியாகவும், அம்மோனியா தாழ்ந்த கோபுரமாகவும், நீர் வளைந்த கோடாகவும் தோன்றுகின்றன.

அம்புகளைக் கூட்டுதல்

ஒவ்வொரு பிணைப்பின் முனைவையும் ஓர் அம்பாக வரையலாம். அம்பின் நீளம் முனைவின் அளவு. அதன் தலை எலக்ட்ரான் சாய்ந்துள்ள பக்கம். எல்லா அம்புகளையும் வெக்டர் முறையில் கூட்டினால் வருவதே மூலக்கூறின் முனைவு. ஒரு வண்டியில் இரு காளைகளைப் பூட்டி ஒரே பக்கம் ஓட்டினால் வண்டி நகரும். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் பூட்டி ஓட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டிலும் காளைகளின் வலு ஒன்றுதான்.

கார்பன் டைஆக்சைடில் இரண்டு அம்புகளும் சம நீளத்தில் எதிரெதிரே இழுக்கின்றன. கூட்டுத்தொகை சுழி. நீரில் ஒவ்வொரு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கும் ஏறத்தாழ 1.5 டிபை உண்டு. 104.5 டிகிரி கோணத்தில் இவை கூடும்போது பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஆக்சிஜனை நோக்கிய கூறுகள் சேர்கின்றன. விடை 1.85 டிபை. நீர் மூலக்கூறு நேர்கோடாக இருந்திருந்தால் இதே பிணைப்புகளைக் கொண்டே அது முனைவற்றதாகியிருக்கும்.

போரான் டிரைஃபுளூரைடில் போரானுக்கும் ஃபுளூரினுக்கும் உள்ள வேறுபாடு 1.94; மிகக் கடுமையான முனைவு. ஆனால் மூன்று ஃபுளூரின்களும் 120 டிகிரி இடைவெளியில் ஒரே தளத்தில் நிற்பதால் மூலக்கூறின் திருப்புத்திறன் சுழி. கார்பன் டெட்ராகுளோரைடில் நான்கு அம்புகள் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன, அங்கும் சுழி. அதில் ஒரு குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தால் குளோரோஃபார்ம் ஆகிறது. சீர்மை குலைந்து, திருப்புத்திறன் 1 டிபைக்குச் சற்று மேல் ஏறுகிறது.

தனித்த இரட்டைக்கும் தனி அம்பு உண்டு. இதை நன்றாகக் காட்டும் இணை அம்மோனியாவும் நைட்ரஜன் டிரைஃபுளூரைடும். இரண்டும் ஒரே வடிவம். பிணைப்புகளின் முனைவும் ஏறக்குறைய நிகரானது. அம்மோனியாவில் நைட்ரஜன் ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானை இழுக்கிறது. அந்த மூன்று அம்புகளும் தனித்த இரட்டை இருக்கும் உச்சியை நோக்கியே சேர்கின்றன. ஃபுளூரைடிலோ ஃபுளூரின்கள் நைட்ரஜனிடமிருந்து இழுக்கின்றன. அம்புகள் கீழ்நோக்கித் திரும்பி, மேலே உள்ள தனித்த இரட்டையின் விளைவை அழிக்கின்றன. அம்மோனியாவுக்கு 1.47 டிபை; நைட்ரஜன் டிரைஃபுளூரைடுக்கு 0.23 டிபை.

மைய அணுவில் தனித்த இரட்டை இருந்தாலே மூலக்கூறு முனைவுடையது என்று சொல்லிவிடவும் முடியாது. செனான் டெட்ராஃபுளூரைடில் இரண்டு தனித்த இரட்டைகள் உள்ளன. அவை ஒன்று மேலும் மற்றது கீழுமாக நேரெதிரே அமர, நான்கு ஃபுளூரின்கள் சதுரமாக நிற்கின்றன. எல்லாம் எதிரெதிரே அழிந்து முனைவு சுழியாகிறது.

ஒரே அணுக்கள், வேறு அமைப்பு

வடிவத்தின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்க மாற்றியங்கள் உதவுகின்றன. டைகுளோரோ எத்திலீனில் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த இரு கார்பன்களும் ஒவ்வொரு குளோரினைத் தாங்கியிருக்கின்றன. இரட்டைப் பிணைப்பு எளிதில் சுழலாது. எனவே இரு குளோரின்களும் ஒரே பக்கம் இருக்கும் சிஸ் வடிவமும், எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் டிரான்ஸ் வடிவமும் தனித்தனிப் பொருள்களாகக் கிடைக்கின்றன. அணுக்களும் எடையும் பிணைப்புகளும் ஒன்றே. சிஸ் வடிவத்துக்கு 1.9 டிபை; டிரான்ஸ் வடிவத்துக்குச் சுழி. முன்னது 60 டிகிரியிலும் பின்னது 48 டிகிரியிலும் கொதிக்கின்றன.

பென்சீன் வளையத்தில் இரண்டு குளோரின்களைப் பொருத்தும் மூன்று வழிகளும் இப்படியே. அடுத்தடுத்து நிற்கும் ஆர்த்தோ வடிவத்துக்கு 2.5 டிபை, ஓர் இடம் விட்டு நிற்கும் மெட்டா வடிவத்துக்கு 1.7 டிபை, நேரெதிரே நிற்கும் பாரா வடிவத்துக்குச் சுழி. துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டைகளில் பயன்படுவது இந்தப் பாரா வடிவமே. இந்த உறவைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம்: எக்ஸ் கதிர் போன்ற முறைகள் பரவலாகும் முன்பே, திருப்புத்திறனை அளந்து வடிவத்தை ஊகிக்கும் வழக்கம் இருந்தது. நீருக்குச் சுழியல்லாத மதிப்பு வந்ததே அது நேர்கோடல்ல என்பதற்குச் சான்றானது.

எளிய கணக்குக்கு அடங்காதவை

எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாட்டை மட்டும் நம்பினால் சில இடங்களில் ஏமாற நேரும். ஓசோனில் மூன்றும் ஆக்சிஜன் அணுக்களே, வேறுபாடு சுழி. ஆயினும் மூலக்கூறு 117 டிகிரியில் வளைந்திருக்கிறது. நடு அணு எலக்ட்ரான் குறைந்தும் ஓர அணுக்கள் மிகுந்தும் உள்ளன. அதனால் 0.53 டிபை முனைவு உண்டு.

கார்பன் மோனாக்சைடு இன்னும் விநோதமானது. வேறுபாடு 0.89 இருப்பதால் வலுவான முனைவு எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் அளவீடு 0.11 டிபை மட்டுமே. அதிலும் எதிர் முனை ஆக்சிஜன் அல்ல, கார்பன். கார்பனின் வெளிப்புறம் நீட்டி நிற்கும் தனித்த இரட்டையின் அம்பு, ஆக்சிஜனை நோக்கிய இழுப்பைச் சற்றே விஞ்சிவிடுவதுதான் காரணம்.

அம்புகளைக் கூட்டும் முறைக்கும் எல்லை உண்டு. நான்முகியில் மூன்று அம்புகளின் கூட்டுத்தொகை, நான்காவது அம்புக்குச் சமமாகவும் எதிராகவும் அமையும். அந்தக் கணக்குப்படி ஒரு குளோரின் கொண்ட மெத்தில் குளோரைடுக்கும் மூன்று குளோரின் கொண்ட குளோரோஃபார்முக்கும் ஒரே மதிப்பு வர வேண்டும். உண்மையில் முதலாவதுக்கு 1.9 டிபை, இரண்டாவதுக்கு 1 டிபையை ஒட்டிய மதிப்பே. அருகருகே நிற்கும் குளோரின்கள் ஒன்றின் எலக்ட்ரான் இழுப்பை மற்றொன்று குறைக்கின்றன. முனைவு உண்டா இல்லையா என்பதை அம்புகள் சரியாகச் சொல்லும். எவ்வளவு என்பதை அளந்தே அறிய வேண்டும்.

முனைவின் விளைவுகள்

முனைவுள்ள மூலக்கூறுகள் ஒன்றின் நேர் முனை மற்றொன்றின் எதிர் முனையை ஈர்க்கும்படி அமைகின்றன. ஹைட்ரஜன், ஆக்சிஜன் அல்லது நைட்ரஜன் அல்லது ஃபுளூரினோடு பிணைந்திருக்கும்போது இந்த ஈர்ப்பு ஹைட்ரஜன் பிணைப்பாக வலுக்கிறது. நீரைப் போன்றே வளைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு −60 டிகிரியில் கொதிக்க, அதைவிட எடை குறைந்த நீர் 100 டிகிரி வரை நீர்மமாக நிற்பது இதனால்தான். எனினும் கொதிநிலையை முனைவு மட்டுமே தீர்மானிப்பதில்லை. முனைவற்ற கார்பன் டெட்ராகுளோரைடு 77 டிகிரியில் கொதிக்கிறது. முனைவுள்ள குளோரோஃபார்ம் 61 டிகிரியில். பெரிய எலக்ட்ரான் மேகம் கொண்ட மூலக்கூறுகளுக்கு இடையே எழும் கணநேர ஈர்ப்புகளும் வலுவானவை. ஆகவே முனைவின் விளைவைக் காண, எடையில் ஒத்த சிஸ், டிரான்ஸ் போன்ற இணைகளையே ஒப்பிட வேண்டும்.

கரைதலிலும் இனம் இனத்தோடு சேர்கிறது. உப்பின் அயனிகளை நீர் மூலக்கூறுகள் தம் எதிர் முனையாலும் நேர் முனையாலும் சூழ்ந்து பிரித்தெடுக்கின்றன. எண்ணெயின் நீண்ட கார்பன் சங்கிலிகள் முனைவற்றவை, நீரோடு கலப்பதில்லை. எத்தனால் நீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். சங்கிலியில் இன்னும் இரு கார்பன் கூடிய பியூட்டனால் 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 7 கிராம்தான் கரையும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நீரில் அரிதாகவே கரைகிறது, எண்ணெயில் எளிதாக இறங்குகிறது. கடுகு, பெருங்காயம் முதலியவற்றின் மணப்பொருள்களைத் தாளிக்கும் எண்ணெய் வாங்கிக்கொள்வதும் இதே காரணத்தால். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை அயனி, மறுமுனை நீண்ட கார்பன் வால். வால் எண்ணெய்ப் பிசுக்கில் புதைய, தலை நீரைப் பற்ற, அழுக்கு நீரோடு போகிறது.

நுண்ணலை அடுப்பு முனைவையே நேரடியாகப் பயன்படுத்துகிறது. அதன் மின்புலம் விநாடிக்கு 245 கோடி முறை அலைவுறுகிறது. நீர் மூலக்கூறுகள் அதைத் தொடர்ந்து திரும்ப முயன்று அண்டை மூலக்கூறுகளோடு உரசி, உணவைச் சூடாக்குகின்றன. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் படிகத்துக்குள் பூட்டுண்டு கிடப்பதால் அது மெதுவாகவே சூடேறும்.

நிலையான முனைவு இல்லாத மூலக்கூறும் அதிரும்போது கணநேர முனைவு பெறலாம். கார்பன் டைஆக்சைடு வளைந்து நிமிரும்போது அதன் இரு அம்புகளும் நேர்கோட்டை விட்டு விலகுகின்றன. அந்த நேரத்தில் அது 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது. பூமி வெளிவிடும் வெப்பத்தில் ஒரு பகுதி இப்படித்தான் தடுக்கப்படுகிறது. உலர்ந்த காற்றில் 99 விழுக்காடாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் எப்படி அதிர்ந்தாலும் சீர்மை குலையாதவை. அதனால் அவை பசுமைக்குடில் வாயுக்கள் அல்ல.

விண்மீன்களுக்கு இடையே உள்ள குளிர்ந்த மேகங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளால் ஆனவை. அவை முனைவற்றவை, சுழன்றாலும் வழக்கமான ரேடியோ அலையை வெளிவிடுவதில்லை. அவற்றோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு சுழலும்போது 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் அலை எழுப்புகிறது. வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகிய மூவர் 1970இல் ஓரியன் நெபுலாவிலிருந்து அந்த அலையைப் பதிவு செய்தனர். விண்மீன்கள் பிறக்கும் மேகங்களின் வரைபடங்கள் இன்றும் பெரும்பாலும் அந்த 0.11 டிபை முனைவைக் கொண்டே வரையப்படுகின்றன.